லெகோ செட்டை விற்றால் எவ்வளவு வரும்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கப்பலில் வரும் பெட்டிக்குள் சொக்கலேற்றுக்கும் உடுப்புக்கும் நடுவே ஒரு லெகோ செட், அதாவது ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டிகள், இருக்கும். பிள்ளை சில காலம் விளையாடும். பிறகு அது அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். ஒருநாள் வீட்டுக்கு வரும் விருந்தாளி யாராவது, "இதெல்லாம் வெளிநாட்டில் லட்சக்கணக்கில் போகிறதாம்" என்று சொல்லி, தேநீரையும் குடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை வராது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

லட்சக்கணக்கில் போவது உண்மையா?

சில செட்டுகள் போகின்றன. உங்கள் வீட்டில் இருப்பது அவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்புக் குறைவு. உறவினர்கள் அனுப்புவது பெரும்பாலும் பொலிஸ் வண்டி, தீயணைப்பு வண்டி, சிறு விமானம் போன்றவை. அவை உலகமெங்கும் அங்காடிகளில் குவித்து விற்கப்பட்டவை. பாவித்த நிலையில் வாங்கிய விலையின் பாதி கிடைத்தாலே நல்லது.

ஆனால் வன்னிக்கென்று ஒரு விசேடம் உண்டு. 2009க்கு முன்னர் இங்கே இருந்த விளையாட்டுப் பொருட்கள் இடப்பெயர்வுகளில் வீடுகளோடு போய்விட்டன. இன்று இங்கே இருக்கும் லெகோ அநேகமாக மீள்குடியேற்றத்துக்குப் பின் வந்தது. அதுவும் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, கடையில் வாங்கி அனுப்பிய புதிய பெட்டி. மற்றது, மாமாவின் பிள்ளைகள் விளையாடி முடித்து, வளர்ந்து, வேலைக்கும் போன பிறகு, அவர்கள் வீட்டு நிலவறையில் கிடந்த துண்டுகளை மாமி ஒரு பையில் கட்டி அனுப்பியது. பளபளக்கும் பெட்டியை எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். பையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக விட்டுவிடுகிறார்கள். பணம் இருந்தால் அது அந்தப் பையில்தான் இருக்கும். 1980களிலும் 1990களிலும் வெளிவந்த கோட்டை, விண்வெளி, கடற்கொள்ளையர் தொடர்களின் துண்டுகள் அதற்குள் கலந்து கிடக்கலாம். முதலில் அதைக் கொட்டிப் பாருங்கள்.

செட் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியும் இல்லை, புத்தகமும் இல்லை.

ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. இப்போது வருபவற்றுக்கு அநேகமாக ஐந்து இலக்கங்கள், பழையவற்றுக்கு மூன்று அல்லது நான்கு. அது பெட்டியிலும், அறிவுறுத்தல் புத்தகத்தின் அட்டையிலும் இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் துண்டுகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

பலர் துண்டின் உட்புறத்தில் இருக்கும் சிறிய எண்ணைப் படமெடுத்து அனுப்பி, இதுதான் செட் இலக்கமா என்று கேட்கிறார்கள். இல்லை. அது அந்தத் துண்டின் வடிவத்துக்கான எண். இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ் கொண்ட சாதாரணக் கட்டியில் 3001 என்று இருக்கும். அந்தக் கட்டி ஆயிரக்கணக்கான செட்டுகளில் வருகிறது; அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

வேறெங்கும் காணாத துண்டுகளைத் தேடுங்கள். அச்சுப் பதித்த கதவு, கொடி, கப்பலின் அடிப்பகுதி, விநோதமான நிறத்தில் ஒரு பெரிய தட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மனித உருவங்களின் உடலில் இருக்கும் படம். இவற்றைப் பிரிக்லிங்க், பிரிக்செட், ரீபிரிக்கபிள் ஆகிய இணையத்தளங்களின் பட்டியல்களில் தேடினால் அந்தத் துண்டு எந்தெந்தச் செட்டில் வந்தது என்று காட்டும். அடையாளமான இரண்டு துண்டுகள் ஒரே செட்டைச் சுட்டினால் ஏறக்குறைய முடிந்தது. பிறகு அதே தளத்தில் அந்தச் செட்டின் முழுத் துண்டுப் பட்டியலையும் எடுத்து ஒப்பிடலாம். அறிவுறுத்தல் புத்தகங்களின் பிரதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை முழுமையாகக் கட்டிப் பார்ப்பதே துண்டு குறைவா இல்லையா என்று அறிய மிகச் சரியான வழி. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெரியவர்களை விட வேகமாக முடிப்பார்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது வாங்கிய லெகோவுக்கும் விலை உண்டா?

திருவிழாக் கடையில் வாங்கியது அநேகமாக லெகோ அல்ல. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932 இல் தொடங்கிய நிறுவனம் லெகோ. இன்று நாம் காணும் கட்டியின் பொருத்து முறைக்கு 1958 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அந்தக் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. கட்டியின் வடிவத்தையே வணிகச் சின்னமாக்கிக்கொள்ள முயன்றதை ஐரோப்பிய நீதிமன்றமும் 2010 இல் மறுத்துவிட்டது. ஆகவே அதே அளவில் கட்டி செய்து தன் சொந்தப் பெயரில் விற்பது குற்றமில்லை. குற்றமாவது செட்டின் வடிவமைப்பையும் பெட்டிப் படத்தையும் உருவங்களையும் அப்படியே களவெடுப்பது. லெபின் என்ற பெயரில் அப்படிச் செய்த குழுவைச் சீனப் பொலிஸார் 2019 இல் பிடித்தார்கள். அதன் தலைவருக்கு மறு ஆண்டு ஆறு வருடச் சிறை கிடைத்தது.

சோதிப்பது சுலபம். உண்மையான கட்டியின் ஒவ்வொரு குமிழின் மேலும் நிறுவனத்தின் பெயர் ஆங்கிலத்தில் மிகச் சிறிதாகப் புடைத்திருக்கும். மனித உருவத்தின் தலையைக் கழற்றினால் கழுத்துக் குமிழிலும் பார்க்கலாம். பெயர் இல்லாத துண்டுகளைத் தனியே ஒதுக்குங்கள். ஒரு பை உண்மையான லெகோவுக்குள் ஒரு பிடி போலி கலந்திருந்தாலும், வாங்குபவர் முழுப் பையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். போலிக்கு மறுவிற்பனை விலை இல்லை. அதைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். பொருந்துகிறது, விளையாட அது போதும்.

சரி, விலையை எப்படிக் கணக்கிடுவது?

இதில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். ஈபே என்ற இணையச் சந்தையில் செட்டின் இலக்கத்தைத் தட்டுகிறார்கள். யாரோ ஒருவர் 900 டொலர் கேட்டு விளம்பரம் போட்டிருக்கிறார். உடனே அது தங்கள் செட்டின் விலையாகிவிடுகிறது. கேட்கிற விலை யாருடைய ஆசையும் ஆகலாம். அந்த விளம்பரம் பல வருடங்களாக விற்காமல் கிடக்கலாம். நமக்கு வேண்டியது கைமாறிய விலை.

ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் பாருங்கள். பிரிக்லிங்க் இன்னும் தெளிவானது. 2000 இல் ஒரு தனி ஆர்வலர் தொடங்கிய சந்தை அது, 2019 இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு செட்டுக்கும் துண்டுக்கும் உருவத்துக்கும் அங்கே விலை வழிகாட்டி உண்டு. கடந்த ஆறு மாதங்களில் எத்தனை விற்றன, குறைந்த விலை, கூடிய விலை, சராசரி எல்லாவற்றையும் புதியது, பாவித்தது என்று பிரித்துக் காட்டும். ஆறு மாதத்தில் ஒன்று இரண்டு மட்டுமே விற்றிருந்தால் அந்தச் சராசரியை நம்ப வேண்டாம். முப்பது நாற்பது விற்றிருந்தால் நம்பலாம்.

அந்த எண்ணிலிருந்து கழிக்கத் தொடங்குங்கள். ஒரு கற்பனைக் கணக்கு. பாவித்த முழுச் செட் சராசரியாக 80 டொலருக்கு விற்றிருக்கிறது என்று வைப்போம். உங்களுடையதில் ஓர் உருவம் இல்லை. அதன் தனி விலை 15 டொலர். சில துண்டுகள் குறைவு. அவற்றை வாங்கினால் 5 டொலர். இப்போது 60. வாங்குபவர் அவற்றைத் தேடிப் பிடிக்க மினக்கெட வேண்டும், அந்த மினக்கேட்டுக்கு இன்னொரு 10 போகும். ஆக 50 டொலர். இது வாங்குபவர் ஜேர்மனியிலோ அமெரிக்காவிலோ பக்கத்துத் தெருவில் இருந்தால் கிடைக்கும் விலை. நீங்கள் இருப்பது மல்லாவியில். அங்கிருந்து அவருடைய கைக்குப் போகும் செலவையும் கழிக்க வேண்டும். அந்தச் செலவு 50ஐத் தாண்டினால், செட்டின் விலை இணையத்தில் என்னவாக இருந்தாலும் உங்கள் கைக்கு வருவது பூச்சியம்.

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுகின்றன. லெகோப் பெட்டிக்குள் பாதி காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்ட வேண்டும். வன்னியில் விலை கணக்கிடும்போது எல்லாவற்றையும் விட இந்தக் கழிவே பெரியது. வெளிநாட்டு வழிகாட்டிகள் இதைப் பற்றி எழுதுவதே இல்லை.

கடைசியாக ரூபா. அன்றைய வங்கி வாங்கும் விலையில் மாற்றுங்கள். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே வருடம் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. "2021 இல் ஒருவர் இவ்வளவு தருவதாகச் சொன்னார்" என்று ரூபாவில் நினைவு வைத்திருப்பதால் பயனில்லை.

கொழும்பில் விற்றால் இதே கணக்குத்தானா?

முற்றாக அல்ல. என் கணிப்பு இது. இன்னும் கடையில் கிடைக்கும் புதிய செட், பெட்டி பிரிக்காமல் இருந்தால், கொழும்பில் வெளிநாட்டுக் கடை விலைக்குக் கிட்டவாகவோ சற்றுக் கூடவோ போகலாம். ஏனென்றால் அதை வாங்குபவருக்கு இறக்குமதிச் செலவும் சுங்கத் தலையிடியும் மிச்சம். பழைய அரிய செட் மறுபக்கம். உலகச் சந்தையில் அதற்கு ஆயிரம் பேர் காத்திருக்கலாம். இங்கே அதன் அருமை தெரிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அந்தச் சிலரில் ஒருவருக்கு இந்த மாதம் காசு இருக்க வேண்டும். எனவே சாதாரணச் செட்டை இலங்கைக்குள் விற்பதும், அரியதை வெளியே அனுப்ப வழி தேடுவதும் நல்லது.

விலை ஏன் ஏறுகிறது?

நிறுவனம் ஒரு செட்டைச் சில வருடங்கள் செய்து நிறுத்திவிடும். கடையில் இருக்கும்வரை பழையதற்குக் கூடுதல் விலை கொடுக்க ஒருவருக்கும் தேவை இல்லை. உற்பத்தி நின்ற பிறகு, செட் நன்றாக இருந்து, விரும்புவோர் மிச்சமிருந்தால் ஏறத் தொடங்கும். எல்லாமே ஏறுவதில்லை.

தாஜ்மகால் செட்டின் கதை ஒரு நல்ல பாடம். 2008 இல் 10189 என்ற இலக்கத்தில் 5,922 துண்டுகளோடு அமெரிக்காவில் 300 டொலருக்கு வந்தது. உற்பத்தி நின்ற பிறகு ஆயிரக்கணக்கான டொலர்களுக்குக் கைமாறியது. வாங்கி அடுக்கி வைத்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, 2017 இல் நிறுவனம் அதே மாளிகையை 10256 என்ற புது இலக்கத்தில் 370 டொலருக்கு மீண்டும் வெளியிட்டது. பழையதன் விலை சரிந்தது. அடுத்த முறை எதை மீண்டும் வெளியிடுவார்கள் என்பது பில்லுண்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

மனித உருவங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு விலை?

சின்னது, எடை இல்லாதது, கடித உறையில் போகும், காட்சிக்கு வைக்கலாம். மேலே சொன்ன போக்குவரத்துக் கழிவு இதற்கு ஏறக்குறைய இல்லை. அதனால் வன்னியிலிருந்து விற்பவருக்கு மிகவும் பொருத்தமான பண்டம் இதுவே.

கை கால் அசையும் இந்த உருவம் 1978 இல் வந்தது. ஆரம்ப காலத்தவை எல்லாவற்றுக்கும் ஒரே முகம், இரண்டு புள்ளியும் ஒரு சிரிப்பும். 1989 இல் கடற்கொள்ளையர் தொடரோடுதான் தாடி, கண்கட்டு, வெவ்வேறு முகபாவங்கள் வந்தன. 1999 முதல் ஸ்டார் வார்ஸ் திரைப்பட உரிமம் பெற்ற செட்டுகள் வந்தன. அவற்றின் உருவங்களுக்கும் ஆரம்பத்தில் மஞ்சள் முகந்தான். 2004 முதல் உரிமத் தொடர்களின் முகங்கள் இயல்பான தோல் நிறத்துக்கு மாறின. ஆகவே ஸ்டார் வார்ஸ் கதாபாத்திரம் ஒன்று மஞ்சள் முகத்தோடு இருந்தால் அது பழையது என்று பிடித்துக்கொள்ளலாம்.

விலையின் உச்சத்துக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2003 இல் வந்த 10123 என்ற ஸ்டார் வார்ஸ் செட் அமெரிக்காவில் 100 டொலர். அதிலிருந்த போபா ஃபெட் என்ற கதாபாத்திரத்தின் உருவத்துக்குக் கையிலும் காலிலும்கூட அச்சு இருந்தது. இன்று அந்த ஓர் உருவம் மட்டும் செட்டின் பழைய விலையைப் பல மடங்கு தாண்டி விற்கிறது. 2013 இல் உறைக்குள் மறைத்து விற்ற உருவங்களுக்குள் பொன்னிற மனிதர் ஒருவரை உலகம் முழுவதற்கும் 5,000 மட்டுமே கலந்துவிட்டார்கள். அவருடைய போலிகள் உண்மையானவரை விட அதிகம் உலாவுகின்றன என்று நினைக்கிறேன்.

நிலையைப் பார்க்கும்போது உடலின் பக்கவாட்டில் கீழிருந்து மேலே ஓடும் மயிரிழை வெடிப்பைத் தேடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். வெடிப்பு, அழிந்த அச்சு, தளர்ந்த கை, பல் பதிந்த தடம் ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். தொப்பி, வாள், மேலங்கி இருந்தால் கூடும். பையின் அடியில் மண்ணோடு கிடக்கும் சின்ன வாளை எறிந்துவிடாதீர்கள்.

பிரிக்காத பெட்டியை எத்தனை வருடம் வைத்திருக்கலாம்?

கேள்வி எத்தனை வருடம் என்பதல்ல, எங்கே வைக்கிறீர்கள் என்பது. தகரக் கூரைக்கு அடியில், மேல்தட்டில், சித்திரை வெயிலில் ஒரு பெட்டி அவிகிறது. ஸ்டிக்கர் தாளின் பசை உலர்கிறது, பெட்டியை ஒட்டிய பசை விடுகிறது. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் ஈரம். அட்டை நெளிகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. கறையான் ஒன்று போதும், சுவரோடு சாய்த்து வைத்த பெட்டியின் பின்பக்கத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். முன்பக்கம் பளபளவென்று நிற்கும். எலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பிரிக்காத செட்டின் விலையில் பெரும் பங்கு பெட்டியின் முகத்துக்குத்தான். மூலை நசுங்கினால் சேகரிப்பாளர் பேரம் பேசத் தொடங்குவார். கப்பல் பெட்டிக்குள் அரிசிப் பாத்திரத்துக்கு அடியில் வந்த செட் இறங்கும்போதே பாதி நசுங்கித்தான் இருக்கும். வைப்பதென்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் கொள்கலனில், ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் போட்டு, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி, சீமெந்துக் கூரையோ ஓட்டுக் கூரையோ உள்ள அறையில் வையுங்கள். வெயில் படவே கூடாது. இது முடியாத வீடு என்றால் வைத்திருந்து விலையேற்றத்துக்குக் காத்திருப்பதை விட இந்த வருடமே விற்றுவிடுங்கள்.

வெள்ளைத் துண்டுகள் மஞ்சளாகிவிட்டன. கழுவலாமா?

ஊத்தை வேறு, மஞ்சளாவது வேறு. ஊத்தையைச் சவர்க்காரம் போட்ட இளஞ்சூட்டு நீரில் கழுவலாம். 40 பாகைக்கு மேல் சூடு வேண்டாம் என்பது நிறுவனத்தின் அறிவுரை. கொதிநீரில் போட்டால் கட்டி வளைந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டியவற்றையும் மின்சாரத் துண்டுகளையும் நனைக்காதீர்கள். கிணற்று நீர் கல் படியும் நீராக இருந்தால், காய்ந்த பிறகு வெண்புள்ளிகள் தங்கும். கடைசி அலசலுக்கு மழைநீரைப் பாவியுங்கள், நிழலில் காயப்போடுங்கள்.

மஞ்சள் என்பது வெயிலும் வெப்பமும் பிளாஸ்டிக்கில் செய்த மாற்றம். பாமசியில் கிடைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது உண்மை. காலப்போக்கில் மீண்டும் மஞ்சளாகலாம், அச்சும் மங்கலாம். மலிவான வெள்ளைக் கட்டிக்கு இந்தப் பாடு வீண். செய்திருந்தால் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பழுப்பு, கடும் சிவப்பு நிறத் துண்டுகளில் சில காலத்தவை தாமாகவே நொறுங்கும் இயல்புள்ளவை. கட்டிய மாதிரியைக் கழற்றும்போது அவற்றில் பலம் காட்டாதீர்கள்.

குறைந்த துண்டுகளை வாங்கி நிரப்பிவிட்டு விற்கலாமா?

கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். 1958 முதல் வந்த கட்டிகள் இன்றைய கட்டிகளோடு பொருந்தும், அதில் கவலை இல்லை. நிறத்தில் கவலை இருக்கிறது. 2004 அளவில் நிறுவனம் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றியது. புதிய சாம்பலில் ஒரு நீலச் சாயல் உண்டு. பழைய கோட்டையின் சுவரில் புதிய சாம்பல் கட்டியைச் சொருகினால் சேகரிப்பாளர் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஐந்து டொலர்த் துண்டுகளை இங்கே வரவழைக்க அதைவிட அதிகம் தபாற்செலவு ஆகும். அங்கிருக்கும் உறவினர் ஒருவர் தன் விலாசத்துக்கு வாங்கி, வரும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் மட்டுமே பயன். இல்லாவிட்டால் குறையை எழுதி அப்படியே விற்றுவிடுங்கள்.

செட்டாக விற்பதா, பிரித்து விற்பதா?

உருவங்களின் தனி விலைகளைக் கூட்டிப் பாருங்கள். அது முழுச் செட்டின் விலையை நெருங்கினால் உருவங்களை விற்றுவிட்டுக் கட்டிகளைப் பிள்ளைகளிடம் விடுங்கள். வன்னியிலிருந்து விற்பவருக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறேன். கட்டிகள் கனம், உருவங்கள் இலேசு. செட் முழுமையாகவும் பெட்டி, புத்தகத்தோடும் இருந்தால் மட்டும் பிரிக்காதீர்கள். ஒருமுறை பிரித்ததை மீண்டும் சேர்ப்பது மிகவும் கடினம்.

ஒருவர் கிலோக் கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா?

உருவங்களையும் அச்சுத் துண்டுகளையும் எடுத்த பிறகு கொடுக்கலாம். எடுப்பதற்கு முன் கொடுத்தால், அவர் வீட்டுக்குப் போய் முதலில் செய்யப்போவது அதைத்தான்.

எங்கே, எப்படி விற்பது?

இலங்கைக்குள் என்றால் இக்மன் விளம்பரத் தளமும் முகநூல் சந்தையும். படத்தைப் போட்டு, இருக்கும் குறைகளையும் எழுதி, கொழும்பு வாங்குபவருக்குக் கூரியரில் அனுப்பலாம். பஸ்ஸில் பார்சல் போடுவது மலிவு; ஆனால் யார் இறக்கி எடுப்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், பணம் கணக்கில் விழுந்த பிறகு போடுங்கள். பணம் அனுப்புவதற்கென்று உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்பவரும், "முதலில் ஒரு சிறு கட்டணம் கட்டுங்கள், என் ஆள் வந்து எடுப்பார்" என்பவரும் வாங்குபவர்கள் அல்ல. பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

அரிய உருவமோ செட்டோ என்றால், ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினரைப் பிடியுங்கள். வரும்போது நிறைந்திருக்கும் அவர்களுடைய பயணப்பெட்டி திரும்பும்போது மிளகாய்த்தூளுக்கும் ஒடியலுக்கும் போக இடம் வைத்திருக்கும். உருவங்களை ஒவ்வொன்றாகச் சிறு பைகளில் போட்டுக் கொடுத்துவிட்டால், அங்கே போய் அவர்கள் உள்ளூர்த் தபாலில் விற்கலாம். விற்பவருக்கு ஒரு பங்கு என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். "சொந்தத்துக்குள் என்ன கணக்கு" என்று விட்ட இடங்களில்தான் பிறகு முகம் முறிகிறது.

மாமா அன்பாக அனுப்பியதை விற்றால் கோபிக்க மாட்டாரா?

மாமாவிடம் கேளுங்கள். பிள்ளையிடம் அதற்கு முன்னால் கேளுங்கள், ஏனென்றால் பொருள் பிள்ளையுடையது. பெரும்பாலான மாமாக்கள் தாங்கள் என்ன அனுப்பினோம் என்பதையே மறந்திருப்பார்கள். சிலர் உடனே உற்சாகமாகி, நிலவறையில் இன்னும் இரண்டு பை கிடக்கிறது என்பார்கள்.

முதலீடாகப் புதிய செட்டுகளை வாங்கி வைக்கலாமா?

மொஸ்கோவின் உயர் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரை வெளிவந்த செட்டுகளின் மறுவிற்பனை விலைகளை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீத வருவாய் என்று கண்டார்கள். செய்தி எங்கும் பரவியது. அது பிரிக்காத செட்டுகளின் கணக்கு என்பதும், செட்டுக்குச் செட்டு பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தது, சிலவற்றில் பாரிய நட்டமும் இருந்தது என்பதும் அவ்வளவாகப் பரவவில்லை. மிகச் சிறிய செட்டுகளும் மிகப் பெரிய செட்டுகளும் நடுத்தரமானவற்றை விட நன்றாகச் செய்தன என்பதும் அதிலேயே இருக்கிறது.

அந்த 11 சதவீதம் டொலரில், அங்கே வாங்கி அங்கே வைத்து அங்கே விற்பவருக்கு. இங்கே சுங்கமும் கூரியரும் கறையானும் இருக்கின்றன. ஒப்பிட ஒரு எண்: 2022 இன் பிற்பகுதியில் இலங்கைத் திறைசேரி உண்டியலின் (அரசின் குறுங்காலக் கடன் பத்திரம்) வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அப்போது பணவீக்கம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும், அதைச் சிபாரிசாகச் சொல்லவில்லை. ஆனால் வன்னியில் கையில் உள்ள சேமிப்பைப் பிளாஸ்டிக் கட்டியில் போட வேண்டாம். வந்ததை நல்ல விலைக்கு விற்பது ஒன்று. விற்பதற்காகவே வாங்குவது வேறொன்று.

பிள்ளை விளையாடினால் விலை குறையும் என்று பூட்டி வைத்திருக்கிறோம். சரியா?

பொலிஸ் வண்டியைத்தானே? திறந்து கொடுத்துவிடுங்கள். நீங்கள் காப்பாற்றும் பெறுமதி கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு அனுப்பும் செலவுக்கே போதாது.

விலை கேட்கும்போது என்னென்ன அனுப்ப வேண்டும்?

பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் கடதாசி ஒன்றின் மேல் வைத்து எடுத்த படங்கள். உருவங்கள் எல்லாம் ஒரே வரிசையில், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பெட்டி இருந்தால் ஆறு பக்கமும், நசுங்கிய மூலை கிட்டத்திலும். புத்தகத்தின் அட்டை. மஞ்சளான துண்டுக்குப் பக்கத்தில் மஞ்சளாகாத ஒன்று. எத்தனை துண்டு குறைவு என்பது தெரிந்தால் எண், தெரியாவிட்டால் "எண்ணவில்லை" என்ற ஒரு சொல். முழுப் பையைக் கொட்டி இரவில் மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்த ஒரே படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி "இது எவ்வளவு போகும்?" என்று கேட்டால், யாராலும் பதில் சொல்ல முடியாது.